முதலாளியின் பழைய கார்

ஏங்க,

சாப்பாடு மேசைமேல் மூடி இருக்கிறது. பதினோரு மணிக்கு புரோக்கர் வருவார். கார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஓய்வுக்காலத்துக்கென்று நாலு பழைய சொகுசு கார் பார்த்தோம். கடைசியில் உங்களுக்குப் பிடித்தது, இருபது வருடம் நீங்கள் முதலாளிக்கு ஓட்டிய அதே கார். நேற்று ஓட்டிப் பார்க்கையில் நான் முன்னால் ஏறப்போனேன். "பின்னாடி உக்காரு, அதான் பழக்கம்" என்றீர்கள். வழியெல்லாம் கட்டிய பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு வந்ததும் ஓடிவந்து கதவைத் திறந்து, கைகட்டி நின்றீர்கள். வாசலில் காத்திருந்த புரோக்கர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

உங்களுக்கு ஓய்வு ஒத்துவராது. முதலாளியிடம் போனில் பேசிவிட்டேன். புது காருக்கு டிரைவர் தேடுகிறாராம். நாளைக்கே வரச் சொன்னார்.

பி.கு.: பழைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். வயிற்றை எக்கினால் பட்டன் போட்டுவிடலாம்.