தனாக்கா வாசனைக்கு வந்த கரடி

2006 மே 21, ஞாயிறு
விடாத மழை. ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் வீட்டிலிருந்து ஷ்வேப்யிதா கரடிக் காப்பகத்துக்கு இரண்டு பஸ். போய்ச் சேரவே பத்தாகிவிட்டது.
மனித வாடை பழகக் கூடாதென்று சாக்குச் சட்டை, முகத்துணி, கையுறை. கரடிகளிடம் பேசக் கூடாது, பெயர் வைக்கக் கூடாது. அதனால் பெரியவன், சின்னவள், அவ்வளவுதான். தாயை யாரோ சுட்டுவிட, பூனை அளவில் வந்த குட்டிகள். இப்போது மரமேறித் தேனடை பிய்க்கின்றன.
புதன்கிழமை சோதனை. தெரியாத ஆள் வேலியோரம் வந்தால் ஓட வேண்டும். ஓடினால் ஜூன் 2 லாரி, காடு. ஓடாவிட்டால் ஆயுசுக்கும் கூண்டு.
வாங்க வேண்டியது: பலாப்பழம், கொசுவத்தி.

மே 24, புதன்
முதலில் பக்கத்துத் தொழிற்சாலை ஆள் வந்தார். இரண்டும் மர உச்சியில். அப்பாடா. அடுத்து கீரை விற்கிற அக்கா. பெரியவன் ஓட்டம். சின்னவள் நேரே வேலிக்கு வந்து, பின்னங்காலில் நின்று, அக்காவின் முகத்தை மோந்து பார்த்தாள்.
காப்பக டாக்டரம்மா பர்மிய மொழியில், மெதுவாக: "யார் இதைப் பழக்கினது?"
கூண்டு பார்க்கிற மாரியண்ணன்: "நான் ஒரு வார்த்தை பேசினதில்லம்மா, சத்தியமா."
நானும் பேசியதில்லை. ஆனால் புட்டிப்பால் கொடுத்தவள் நான்.
திரும்பும் பஸ்ஸில் சுற்றிலும் தனாக்கா மரச்சாந்து பூசிய கன்னங்கள். அப்போதுதான் உறைத்தது, கீரைக்கார அக்கா கன்னத்திலும் இதுதான். சோப்பு கூடாது, அத்தர் கூடாது என்றார்கள், விட்டேன். தனாக்காவை யார் வாசனைச் சாமான் என்று நினைத்தது? கட்டையை உரைத்துக் கன்னத்தில் பூசாமல் ஒருநாளும் வாசல் தாண்டியதில்லை. பெரியவன் வந்த வாரமே கிண்ணத்தில் குடித்தான். சீக்காளிச் சின்னவள்தான் இரண்டு மாதம் என் மடியில்.

மே 25, வியாழன்
ஒப்புக்கொண்டேன். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
"காட்டோரக் கிராமத்துல எந்தப் பொம்பளை இதைப் பூசல, மா சல்மா? பால் கிடைக்கும்னு குட்டி போய் நிக்கும். அடிச்சே கொன்னுடுவாங்க."
பிறகு: "உன்னால வந்தது. இந்த வாசனைக்கே பயப்படற மாதிரி நீயே விரட்டு. ஒண்ணாம் தேதி மறுபடி பார்ப்போம்."

மே 27, சனி
முகம் முழுக்கத் தனாக்கா. வேலிக்கு வெளியே நின்று பிஸ்கட் டின்னைக் கரண்டியால் அடித்தேன். மாரியண்ணன் குழாயில் தண்ணீர் பீய்ச்சினார். மூன்று தடவை ஓடினாள், மூன்று தடவையும் திரும்பி வந்தாள். நனைந்தபடி உட்கார்ந்து, பால் குடிக்கும்போது வருமே, அந்த முனகல்.
"போதும் தங்கச்சி, பாவம்."
"இன்னொரு தடவை தண்ணிய விடுங்கண்ணே."
என் மேலேயே வெறுப்பு.

மே 30, செவ்வாய்
புதரை விட்டு வரவில்லை. அங்கிருந்தே பார்த்தாள். டின்னை நிறுத்தினால் ஓரடி முன்னால் வருகிறாள். நாள் அதிகமில்லை. கையில் கொப்புளம்.

ஜூன் 1, வியாழன்
மழை இல்லை. புழுக்கம். கீரைக்கார அக்கா மறுபடி வந்தார், கன்னம் வெள்ளையாக. இருபது அடி தள்ளி இருக்கும்போதே சின்னவள் மரத்தில். பிறகு டாக்டரம்மா என்னைப் போகச் சொன்னார். டின் இல்லை, தண்ணீர் இல்லை, சும்மா. கிளை நுனிவரை ஏறி, பயத்தில் மூத்திரம் விட்டாள்.
மாரியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாஸ், தங்கச்சி."
நாளை ஆறு மணிக்கு லாரி. ஏற்றும்போது நான் அந்தப் பக்கமே வரக் கூடாதாம். என்னைக் கண்டால் கூண்டில் மோதிக் காலை உடைத்துக்கொள்வாளாம்.
சரி.