ஒரே கிளாஸில் இரண்டு ஸ்ட்ரா

அயோவா,
ஆகஸ்ட் 1952

அன்பு மகன் ஆர்லனுக்கு,

அப்பாவும் நானும் உன் தங்கை லவெர்னும் கை கால் விளங்க இருக்கிறோம், இந்தக் கோடையில் நம் ஊரில் இதற்கு மேல் ஒரு சுகம் கிடையாது. கொரியாப் போர்முனையில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். மழை போதவில்லை, சோளம் சுமார், அப்பாவுக்கு முதுகுவலி வழக்கம்போல.

நல்ல சேதி ஒன்றும் இல்லையப்பா. பெட்ரோல் பங்க்காரர் மகன் வெண்டல் போய்விட்டான். போலியோ. ஒரு வெள்ளிக்கிழமை நம் ஓர்வில் நடத்தும் குளிர்பானக் கடையின் மூலை மேஜையில் உட்கார்ந்து பாட்டுப் பெட்டிக்குக் காசு போட்டுக்கொண்டிருந்த பையன், அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் மூச்சு கொடுக்கும் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தான், அது இழுத்த மூச்சைத்தான் விட்டான், அதுவும் நிலைக்கவில்லை. உனக்கே தெரியும், அந்தக் கடையில் ஒரு பையனும் பெண்ணும் ஒரே மில்க்‌ஷேக்கில் இரண்டு ஸ்ட்ரா போட்டுக் குடித்தால் நாங்கள் ஜோடி என்று ஊருக்கே அறிவித்த மாதிரி. அந்த வெள்ளிக்கிழமை அவனோடு குடித்தவள் நம் லவெர்ன். 'தலை வலிக்குது, மீதிய நீயே குடிச்சிடு' என்று கிளாஸைத் தள்ளினானாம், இவளும் மிச்சம் வைக்காமல் குடித்திருக்கிறாள்.

அவளுக்கும் தொற்றியிருக்குமோ என்று டாக்டர் சொன்ன கெடு முடியும்வரை இவளை வீட்டோடு வைத்திருந்தோம். காலையில் அவள் கட்டிலைவிட்டு இறங்கி நடக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வரும். தட்டு, கிளாஸ் எல்லாம் அவளுக்குத் தனி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுப்பேன். கெடு முடிந்தது, ஒன்றும் வரவில்லை, இனிப் பயமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனாலும் அந்தத் தட்டை மாற்ற எனக்குக் கை வரவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டாள். சனிக்கிழமை கடைக்குப் போனவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். இவள் உட்கார்ந்ததும் மேஜையில் இருந்த பிள்ளைகள் எழுந்துவிட்டார்களாம், ஒருத்தி 'தள்ளியே நில்லுடி, எங்க வீட்ல கைக்குழந்தை இருக்கு' என்றாளாம், ஓர்வில் இவளுக்கு மட்டும் காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தானாம். அன்று அறைக் கதவைச் சாத்தியவள்தான், சாப்பாடும் இல்லை பேச்சும் இல்லை. 'அவனோட நானும் போயிருக்கலாம்பா' என்று மட்டும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நேற்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இளவட்டங்கள் நிறைந்திருந்தார்கள். மூலை மேஜையில் உட்கார்ந்து ஒரு சாக்லேட் மில்க்‌ஷேக் கேட்டேன். ஓர்வில் காகிதக் கோப்பையை எடுத்தான். 'கிளாஸ்ல கொண்டா, ரெண்டு ஸ்ட்ரா போடு' என்றேன். 'எல்லாரும் பாக்குறாங்கக்கா, என் பொழப்பு கெட்டுடும்' என்றான். 'பாக்கட்டும், அதுக்குத்தான வந்திருக்கேன்' என்றேன். ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்தது, அடுத்ததற்கு யாரும் காசு போடவில்லை. கிளாஸ் வந்தும் லவெர்ன் தொடவில்லை. 'உனக்குப் பயமா இல்லையாம்மா' என்று மெல்லக் கேட்டாள். 'இருக்குடி' என்று சொல்லிவிட்டு நான் குடித்தேன். பிறகு அவளும் அழுதுகொண்டே குனிந்தாள், நெற்றியோடு நெற்றி இடித்தது. காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு பிள்ளையும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து அவள் தட்டை மற்ற தட்டுகளோடு கலந்து அடுக்கிவிட்டேன், எது அவளுடையது என்று இப்போது எனக்கே தெரியாது.

அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. வெண்டல் பேரை எழுது, இங்கே எல்லோரும் அதைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறார்கள். ஈரக் காலுறையோடு தூங்காதே. ஆண்டவர் உன்னைப் போனபடியே திருப்பித் தரட்டும்.

உன் அம்மா,
ஹில்மா