புது உறை, பழைய பிஸ்கெட்

மார்ச் 4, செவ்வாய்

மேலாளருக்கு எழுதிய கடிதத்தை இன்று கொடுத்துவிட்டேன். முழுதாக இரண்டு பக்கம். புதுச் செய்முறை என்று சொல்லிப் புது உறையில் வரும் எங்கள் வெண்ணெய் பிஸ்கெட் எப்படி நாசமாகிவிட்டது என்று விளக்கமாக எழுதியிருக்கிறேன். வெண்ணெய் மணம் பாதிகூட இல்லை, மெல்லும்போது எண்ணெய்ப் பிசுக்கு, விழுங்கிய பிறகு நாக்கில் பச்சை மாவு வாடை. பதினெட்டு வருடமாக இந்தத் தொழிற்சாலையில் ருசி பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். எனக்குப் பட்டப்பெயரே 'நாக்கு'தான். நாக்கு சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அம்மா ஏதோ பேச வேண்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாளாம். அறுபத்தாறு வயதில். மாப்பிள்ளை, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மனைவி இறந்து தனியாக இருப்பவர். இரண்டு வருடமாக அம்மாவின் கண்ணாடி மட்டும் ஏன் வாராவாரம் தளர்ந்துபோனது என்பது இன்றைக்குத்தான் விளங்கியது.

"அவரு கேட்டாரு. எனக்கும் சரின்னு படுது. ஆனா நீ சரின்னு சொன்னாத்தான். வேண்டாம்னா விட்டுடலாம், மறுபடி இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

நான் சும்மா இருந்தேனா? "இதெல்லாம் முறையாம்மா? இந்த வயசுல? நாலு பேர் என்ன சொல்வாங்க? அப்பாவுக்கு நீ குடுக்கற மரியாதை இவ்வளவுதானா?" எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்ததுபோல் கடகடவென்று வந்தது. அம்மா காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

அப்பா போய் ஒன்பது வருடம். நான் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

மார்ச் 13, வியாழன்

அம்மாவின் கண்ணாடி நிஜமாகவே உடைந்துவிட்டது. கடைக்குப் போகவில்லை. காதுப்பக்கம் நூலைச் சுற்றிக் கட்டிப் போட்டுக்கொள்கிறாள். நான் கேட்டதுதானே நடந்திருக்கிறது. பிறகு ஏன் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை?

மார்ச் 18, செவ்வாய்

மானம் கப்பலேறிவிட்டது.

ஆய்வகத்து அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். ருசி பார்க்கும் எங்கள் எட்டுப் பேருக்கும் தட்டு தயார் செய்பவள் அவள்தான். கையில் என் கடிதம். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "புது செய்முறை இன்னும் அடுப்புக்கே போகலடி. மாவு பிசையற மெஷின் ரிப்பேர். உறைய அச்சடிச்சுட்டாங்க, அதனால பழைய பிஸ்கெட்டையே அதுக்குள்ள போட்டு அனுப்பிக்கிட்டிருக்காங்க. நீ தின்னது நீயே போன மாசம் 'அருமை'ன்னு மார்க் போட்ட சரக்கு."

 பச்சை மாவு வாடை அடித்ததே. சத்தியமாக அடித்தது. பொய்யாக ஒரு வார்த்தைகூட எழுதவில்லை நான்.

தொழிற்சாலையில் என்றால் தடுப்பு வைத்த அறையில், மங்கலான சிவப்பு வெளிச்சத்தில், வெறும் எண் ஒட்டிய தட்டில் சாப்பிடுவோம். பிஸ்கெட்டின் நிறம்கூடத் தெரியாது. இதை மட்டும் கடையில் வாங்கி, வீட்டில் உட்கார்ந்து, அந்தச் சாம்பல் நிற உறையை முறைத்துக்கொண்டே தின்றேன். தின்றது உறையை.

மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பொட்டலம் கட்டும் பகுதியில் ஒருத்தி, "நாக்கு, இன்னைக்கு தண்ணி எந்த உறையில வந்தா இனிக்கும்?" என்று கேட்டாள்.

மார்ச் 19, புதன்

எனக்குப் பிடித்த நிறம் நீலம். யார் சொன்னது? ஐந்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு நீலம் பிடிக்கும். அவளை எனக்குப் பிடிக்கும். சர்க்கரை இல்லாத டீதான் டீ என்பேன். அது அப்பா சொல்வது. பெரியவர்கள் முன்னால் கால்மேல் கால் போட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறக்கும்போதே அந்தக் கோபத்தோடு பிறந்தேனா? யாரோ உறை போட்டுக் கொடுத்தார்கள், நான் ருசி இருக்கிறது என்று தலையாட்டிவிட்டேன்.

அப்படியானால் என்னுடையது என்று எது மிச்சம்?

மார்ச் 22, சனி

அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். முறை, மரியாதை, பிடித்தது, பிடிக்காதது எல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து கட்டிய கதைதான், எதற்கும் அர்த்தம் கிடையாது என்றேன். அவள் தட்டுகளுக்கு எண் ஒட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பிஸ்கெட்டும் மனுஷன் செஞ்சதுதான். அதுக்காகத் தின்னா பசி அடங்காமப் போயிடுதா?"

 "மனுஷன் செஞ்சதுன்னா அர்த்தம் ஒண்ணே ஒண்ணுதான். சரியில்லன்னா மறுபடி செய்யலாம். மலை மாதிரி அசைக்க முடியாததுன்னு பயப்பட வேண்டாம்," என்றாள். பிறகு, "உங்க அம்மாவுக்கு என்ன பதில் சொன்ன?" என்று கேட்டாள். அம்மா விஷயத்தை நான் சொல்லவே இல்லை. இவளுக்கு யார் சொன்னார்கள்? எல்லாரும் அந்தக் கடையில்தான் கண்ணாடி வாங்குகிறார்கள்போல.

மார்ச் 26, புதன்

ஆளை எடை போடலாம் என்று கடைக்குப் போனேன். எனக்கும் கொஞ்ச நாளாகப் பொடி எழுத்து தெரியவில்லை. அது ஒரு சாக்கு.

நான் யார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரி தெரியவில்லை. தெரியவில்லை என்று இவரிடம் போய்ச் சொல்வதா? ஊகித்து வாசித்தேன்.

"குத்துமதிப்பா சொல்லாதீங்கம்மா," என்றார். "தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க. நீங்க தெரியுதுன்னு சொன்னா நான் தப்பான கண்ணாடியத்தான் தருவேன். தலைவலி உங்களுக்குத்தான்."

எரிச்சலாக வந்தது. எழுந்து வரும்போது ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். அம்மாவின் கண்ணாடிக்கு மாற்றுக் காம்பு. "நான் குடுத்தேன்னு சொல்ல வேண்டாம். நூல் காதை அறுத்துடும்." மனுஷன் அதைக்கூடக் கவனித்திருக்கிறார். இந்தத் தெருப்பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போனாரோ என்னவோ. பொட்டலத்தை அம்மாவிடம் கொடுக்காமல் என் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. மூன்று தட்டு வைப்பார்கள். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் மட்டும் வேறு. எது வேறு என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்று விடுப்பு எடுத்துக்கொண்டு எனக்கு நானே அந்தச் சோதனையை வைத்தேன். மூன்று துண்டுக் காகிதம்.

முதலாவது: மனைவியை இழந்த அறுபத்தொன்பது வயது ஆண் மறுபடி கல்யாணம் செய்கிறார். என் நாக்கு சொன்னது: நல்லது, பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டாமா.

இரண்டாவது: கணவனை இழந்த அறுபத்தாறு வயதுப் பெண். ஒரு நொடி தயங்கினேன், மறைக்கவில்லை. அந்தத் தயக்கம் நான் பிறக்கும் முன்பே யாரோ பிசைந்து வைத்த மாவு. ஆனால் தயக்கம் போனபின் சொன்னேன்: பாவம், நன்றாக இருக்கட்டும்.

மூன்றாவது: என் அம்மா. தொண்டை கசந்தது.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே ஆள். அதே வயது, அதே கல்யாணம். 'என்' என்ற ஒரு வார்த்தைதான் கூடுதல். முறை, மரியாதை, நாலு பேர் எல்லாம்தான் உறை என்றால் உள்ளே இருப்பது என்ன? வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் 'வந்துட்டியா' என்று கேட்க ஆள் இருக்காது. அவ்வளவுதான். நாற்பத்துமூன்று வயதில் எனக்கு அம்மா வேண்டும்.

இதை யாரும் எனக்குக் கட்டிக் கொடுக்கவில்லை. இது என்னுடையதுதான். ஆனால் இதற்காக அவளைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியுமா?

ஏப்ரல் 3, வியாழன்

சொல்லிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவளின் முதுகைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. "முறையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. தனியா இருக்கப் பயமா இருக்கும்மா. நீ போ. ஆனா பயமா இருக்கு."

அம்மா கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். காம்புப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "அன்னைக்கே இதச் சொல்லியிருந்தா மூணு வாரம் நூல் கட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்க மாட்டேனே," என்றாள். பிறகு இரண்டு பேரும் அழுதோம். வெங்காயம் நறுக்கவில்லை, கேரட்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

பதிவு அலுவலகம். சாட்சிக் கையெழுத்து நான். 'மணமகளுக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் மகள் என்று எழுதினேன். எழுத்தர் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீடு 'ஓ'வென்று இருக்கிறது.

மே 9, வெள்ளி

இன்று டீயில் சர்க்கரை போட்டுப் பார்த்தேன். ஒரு கரண்டி, பிறகு இரண்டு. பிடிக்கவில்லை. அப்பா சொன்னது என்றாலும் இனி அது என்னுடையதும்தான். நீலத்தை மட்டும் கைவிட்டுவிட்டேன். பச்சையில் ஒரு திரைச்சீலை வாங்கினேன்.

மே 25, ஞாயிறு

காலையில் அழைப்பு மணி அடித்தது. திறந்தால் அம்மா. அவளுக்குப் பின்னால் அவர், பழக்கூடையோடு, யாரோ வீட்டுக்கு வந்ததுபோல.

"என்னம்மா இது, உன் வீட்டுக்கு நீயே மணி அடிப்பியா? சாவி இல்லயா?"

"இருக்கு," என்றாள். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இனிமே எப்படி வரணும்னு தெரியலடி. பொண்ணு கல்யாணமாகி அம்மா வீட்டுக்கு வந்தா எப்படின்னு தெரியும். அம்மா கல்யாணமாகிப் பொண்ணு வீட்டுக்கு வந்தா எப்படி வரணும்?"

எனக்கும் தெரியவில்லை. யாரும் இதற்கு ஒரு வழக்கம் வைத்துவிட்டுப் போகவில்லை. வாசலில் மூன்று பேரும் விழித்துக்கொண்டு நின்றோம். அப்புறம் நானே சொன்னேன்: "திறந்துக்கிட்டு உள்ள வரணும். ஞாயித்துக்கிழமை காலையில. கூடை எல்லாம் வேண்டாம்."

"சரி, அப்ப அதுதான் வழக்கம்," என்றார் அவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மாலைவரை இருந்தார்கள். போகும்போது அம்மா, "போயிட்டு வரேன்" என்றாள். அடுத்த ஞாயிறுதானே, வருவாள்.

அவர்கள் போனபின் பூட்டுக்காரரிடம் நடந்துபோய் இன்னொரு சாவி செய்யச் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு.