ஆடிக்கு முன் குறைந்த வட்டி

செந்தில், என் வாயாடித் தம்பி,

ஜெயித்துவிட்டோமடா! நேற்று வாய்மொழித் தேர்வு முடிந்தது. உன் அக்கா இன்று முதல் டாக்டர். அம்மா நம் கணபதிப் பேட்டை முழுக்க மைசூர்பா கொடுத்து முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். உனக்குச் சொல்லாமல் எனக்கு எதுவும் இறங்கவில்லை.

பம்பாயில் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தால் அது உன் லேத் பட்டறைக்கு வந்து சேர எத்தனை நாளாகும்? என் ஆய்வே இந்த ஒரு கேள்விதான். வளர்ந்துவரும் சின்ன நாடுகள் எல்லாம் இதைத்தான் அளக்கப் பார்க்கின்றன. வட்டி குறைந்த நாளிலிருந்து எண்ணு என்றது வெளிநாட்டுப் புத்தகம். நான் ஆய்வைத் தொடங்கிய வருஷம் ஆனிக் கடைசியில் குறைந்தது. நான் உடனே படிவங்களோடு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, "கடன் வாங்கிப் புது மெஷின் போடுவீங்களா?" என்று கேட்டேன். எல்லாரும் இல்லை என்றார்கள். வட்டிக் குறைப்பால் பயனில்லை என்று எழுதியும் வைத்தேன்.

நீ அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"ஏனுங்கக்கா, ஆடி மாசத்துல போயி புது மெஷின் வாங்குறீங்களான்னு கேட்டா எவன் ஆமாங்கறான்? ஆவணி பொறக்கட்டுங்க. லாரி நிக்க எடமிருக்காது."

"மூடநம்பிக்கையெல்லாம் ஆய்வுல எழுத முடியாதுடா" என்று சீறினேன். என் கல்யாணத்தையே ஆடி என்று ஒரு மாதம் தள்ளிவைத்த குடும்பம் நம்முடையது. படித்த திமிரில் அது என் மண்டையில் ஏறவில்லை.

ஆவணியில் நீதான் மொபெட்டில் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். பட்டறைக்குப் பட்டறை புது மெஷின், குங்குமம், எலுமிச்சம்பழம். நான் எண்ணிக் குறித்துக்கொண்டதோடு சரி. நீ சொன்னது சரிதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த தை மாதம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோகும் என்று யார் கண்டது? கேட்டிருந்தால் எத்தனை துள்ளியிருப்பாய்!

நேற்று டில்லியிலிருந்து வந்த தேர்வாளர் விடவில்லை. "ஆடி கழிந்து ஆவணியில் கடன் கூடியது, ஒரு வருஷம் தற்செயலாக நடந்திருக்கலாமே?" என்றார். இன்னொரு வருஷம் ஐப்பசியில் வட்டி குறைந்தபோது சில வாரங்களிலேயே கடன் மனுக்கள் குவிந்ததைக் காட்டினேன். குறைத்த அளவை மட்டும் பார்த்தால் போதாது, எந்த மாதத்தில் குறைத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்றேன். பார்வையாளராக வந்திருந்த நேபாளப் பேராசிரியர் எழுந்து, "எங்கள் ஊரிலும் இப்படி ஆகாத மாதம் உண்டு. நாங்கள் இதை யோசிக்கவே இல்லையே!" என்றார். அரங்கமே கைதட்டியது.

"யாருடைய யோசனை?" என்று தேர்வாளர் கேட்டார். "என் தம்பியோடது. எட்டாவது படிச்சவன். நான்தான் அவனை நம்பலை" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அழுகையும் வந்தது, பெருமையும் வந்தது.

ஆய்வேட்டில் ஒரு பெயருக்குத்தான் இடமாம். ஆனால் இதைக் கட்டுரையாக்கி ஓர் இதழுக்கு அனுப்பியிருக்கிறேன். எழுதியவர் இருவர் என்று போட்டேன். இறந்தவர், பட்டமும் இல்லாதவர், அந்தப் பெயரை எடுத்துவிடலாமா என்று இதழாசிரியர் கேட்டு எழுதியிருக்கிறார். எடுப்பதென்றால் என் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்று காலை பதில் போட்டுவிட்டேன். உன் பெயர் இல்லாமல் அது அச்சேறாது, செந்தில். இது சத்தியம்.

நீ சொன்னது சரிதானடா.

உன்னிடம் தோற்றதைச் சந்தோஷமாக ஒப்புக்கொள்ளும்
உன் அக்கா, சரசு