தலைகீழாகப் பறந்த இரண்டு நிமிடங்கள்

மாமல்லபுரம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள சைதூனுக்கு,

கல்யாணி எழுதுகிறேன். நீ போன் நம்பரை மாற்றி ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. செங்கல்பட்டு ஒரு மணி நேர பஸ்தான். ஆனாலும் கடையில் வந்து நின்று உன்னைச் சங்கடப்படுத்த மனம் வரவில்லை. அதனால் உங்கள் டைல்ஸ் கடை விலாசத்துக்கே எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் இத்ரீஸ் அண்ணன் நலமா? நம் சிறுசேரி ஆபீஸில் நீ ராஜினாமா செய்ததைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்.

சிரிக்காதே. இத்தனை வருடம் விமானம் மட்டுமே பறக்கவிட்ட நான் ஒரு ரிமோட் ஹெலிகாப்டர் வாங்கிவிட்டேன். அதை ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்தவே பதினோரு வாரம் ஆனது. நீயோ அதைத் தலைகீழாகத் திருப்பி, இறக்கைகள் தரையைப் பார்க்க, வால் ஆடாமல் அந்தரத்தில் நிறுத்துவாய். அப்போது கை தட்டினேனே தவிர, அது எவ்வளவு பெரிய வேலை என்று இப்போதுதான் புரிகிறது.

ஹெலிகாப்டர் விழுந்த விபத்துக்குப் பிறகு நீ இத்ரீஸ் அண்ணனிடம் கொடுத்தனுப்பிய ரிமோட் டிரான்ஸ்மிட்டரைத்தான் பயன்படுத்துகிறேன். இதில் பறக்கும் நேரத்துக்கு டைமர் வைப்பது எப்படி? ஹெலிகாப்டருக்கு வேறு மாதிரி என்கிறார்கள். நீ சொன்னால்தான் நம்புவேன்.

என் கை நன்றாக இருக்கிறது. தையல் போட்ட தழும்பு கூட மங்கிவிட்டது. அதை நினைத்து நீ வருந்திக்கொண்டிருக்காதே.

என்றும் உன்
கல்யாணி


செங்கல்பட்டு
20 பிப்ரவரி 2025

அன்புக் கல்யாணிக்கு,

எல்லோரும் நலம். கடையில் கணக்கு எழுதுவதும் கிரானைட் சாம்பிள் காட்டுவதுமாகப் பொழுது போகிறது. பதினோரு வாரத்தில் நிறுத்திவிட்டாய் என்றால் என்னைவிட நீ கெட்டிக்காரி. எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

டைமரைக் கேட்டாய். உன் விமானத்தில் இடதுகை ஸ்டிக்தான் மோட்டாரின் வேகம். ஸ்டிக்கை உயர்த்தினால் டைமர் ஓடும், இறக்கினால் நிற்கும் என்று வைத்திருப்பாய். அங்கே அது சரி. ஹெலிகாப்டரில் அப்படி வைக்கவே வைக்காதே. இங்கே மோட்டார் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், ஸ்டிக் இறக்கைகளின் சாய்வை மட்டும்தான் மாற்றும். தலைகீழாகப் பறக்கும்போது ஸ்டிக் பாதிக்குக் கீழே இருக்கும். டைமர் நின்றுவிடும், பேட்டரி மட்டும் தீர்ந்துகொண்டே போகும்.

அதனால் மோட்டாரை நிறுத்தும் ஹோல்ட் சுவிட்சோடு டைமரை இணை. மோட்டாரை ஓடவிடச் சுவிட்சைத் தட்டியதும் நேரம் ஓட வேண்டும். முதலில் மூன்றரை நிமிடம் வை. ஒவ்வொரு நிமிடமும் அது குரலில் சொல்லட்டும், கடைசிப் பத்து நொடி பீப் அடிக்கட்டும். இறங்கியதும் பேட்டரியை அளந்து பார். முப்பது சதவீதம் மீதம் இருந்தால் சரி. அதிகம் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டு.

என் பழைய செட்டிங் அதிலேயே இருக்கும், பார்த்துக்கொள். எல்லாம் சரியாக வைத்திருந்தும் பீப் சத்தம் என் காதில் விழாமல் போனதே, அதற்கு மட்டும் செட்டிங் கிடையாது.

நான் இனிப் பறக்கவிட மாட்டேன். கேட்காதே.

சைதூன்


மாமல்லபுரம்
2 மார்ச் 2025

சைதூன்,

நீ சொன்னபடி உன் பழைய செட்டிங்கைத் திறந்தேன். டைமர் ஹோல்ட் சுவிட்சில் இல்லை. ஸ்டிக்கில் இருக்கிறது.

வைத்தது நான்.

அன்று நாம் பறக்கவிடும் மதுராந்தகம் ஏரி வற்றிக் கிடந்தது. கல்பாக்கத்திலிருந்து நம் குழுவின் நரசிம்மன் சார் எல்லாம் வந்திருந்தார்கள். நீ பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போயிருந்தாய். டிரான்ஸ்மிட்டர் என் மடியில் இருந்தது. முந்தைய முறை ஹெலிகாப்டர் தரையில் நிற்கும்போதே நொடிகள் ஓடியதைக் கவனித்திருந்தேன். வீணாகப் போகிறதே, உனக்கு இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கட்டும் என்று, என் விமானத்தில் இருப்பது போலவே மாற்றிவிட்டேன். நீ திரும்பி வருவதற்குள் யாரோ டீ நீட்டினார்கள். சொல்ல மறந்தேன். பிறகு அதை மாற்றியதே என் நினைவில் இல்லை. நேற்று மெனுவில் அந்த வரியைப் பார்க்கும் வரைக்கும்.

நீ கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் தலைகீழாக நிறுத்தினாய். அந்த இரண்டு நிமிடமும் டைமர் ஓடவே இல்லை. பேட்டரி செத்து ஹெலிகாப்டர் என் கைமேல் விழுந்தபோது பீப் அடித்திருக்கவே முடியாது, சைதூன். உன் காதில் எந்தக் குறையும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கையில் கட்டோடு நான் உன்னிடம் என்ன கேட்டேன்? "ஏன்டி, பீப் அடிச்சது உனக்குக் கேக்கலையா?" நீ தலையைக் குனிந்துகொண்டு, "கேக்கல. என் தப்புதான்" என்றாய். அதற்குப் பிறகு நீ ஏரிக்கே வரவில்லை.

மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

கல்யாணி


மாமல்லபுரம்
4 மே 2025

அன்புள்ள சைதூனுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

போன ஞாயிறு குழுவில் எல்லோரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிட்டேன். நரசிம்மன் சார், "அந்தப் பொண்ணு கை மாதிரி இந்தப் பக்கத்துல யாருக்கும் கிடையாது. அதைப் போயி வீட்டுல உக்கார வச்சுட்டோமே" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

டிரான்ஸ்மிட்டரை இத்துடன் அனுப்புகிறேன். டைமரை நீ வைத்திருந்தபடியே ஹோல்ட் சுவிட்சுக்கு மாற்றி, ஸ்டிக்கை மேலும் கீழும் அசைத்து நான்கு முறை சோதித்துவிட்டேன். இருந்தாலும் நீயும் ஒருமுறை பார். என்னை நம்பாதே.

கல்யாணி


செங்கல்பட்டு
16 ஜூன் 2025

கல்யாணிக்கு,

பக்ரீத் வேலையெல்லாம் ஓய்ந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். உண்மையில் வேலை காரணம் இல்லை. உன் மார்ச் கடிதத்துக்குப் பதில் எழுத மனம் வரவில்லை. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். விபத்து நடந்த மாதமே இரண்டு இடத்தில் காது பரிசோதனை செய்துகொண்டேன். இரண்டு டாக்டர்களும் குறையே இல்லை என்றார்கள். நான் நம்பவில்லை. பின்னால் வரும் லாரியின் ஹார்ன் கேட்காமல் போய்விடுமோ என்று ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்தினேன். அடுப்பில் பால் வைத்தால் அங்கேயே நின்றேன். கைதட்டலில் மயங்கி ஒருத்தியின் கையைக் கிழித்தவள் என்றுதான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் நீ மறந்தது அது.

கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அந்த வரியை நீ சத்தமில்லாமல் திரும்ப மாற்றியிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா? பல முறை யோசித்துவிட்டேன், நிச்சயமாக ஆமாம் என்று சொல்ல வரவில்லை. அதுவும் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாய். அந்தத் தைரியம் பெரிசு, கல்யாணி.

உடைந்த ஹெலிகாப்டரை இவர் குடோனில் துணி சுற்றி வைத்திருந்தார். எனக்கே தெரியாமல் புது இறக்கையும் தண்டும் வாங்கியிருக்கிறார். நேற்றுக் காலை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "இன்னா பாத்துகினே கீற? கடைய நான் பாத்துக்கிறேன். போய் வுட்டுப் பாரு" என்றார்.

ஸ்கூட்டரில்தான் போனேன். முதல் தடவை நேராகவே பறக்கவிட்டேன். இரண்டாம் தடவை தலைகீழாகப் புரட்டினேன். குரல் ஒவ்வொரு நிமிடமாகச் சொல்லிக்கொண்டே வந்தது. கடைசிப் பத்து நொடி பீப் முழுவதும் கேட்டது. இறக்கி வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு ஏரிக்கு வருகிறேன். உன் ஹெலிகாப்டரோடு வா. நீ அதை அந்தரத்தில் நிறுத்துவதை நான் பார்க்க வேண்டும். பழைய மாதிரி எனக்கு உடனே பேச வராமல் போகலாம். அதற்காகத் தூரத்தில் போய் நிற்காதே. என் பக்கத்திலேயே நில்.

சைதூன்