புதன்கிழமை மூன்றாவது பீரியட்

ஜூலை 3, புதன்

இன்று மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சட்டக் கல்லூரியில் இப்படி ஒரு நாள் எப்போதாவதுதான் அமையும். அதனால் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

புதன் மூன்றாவது பீரியடில் நான் புத்தகத்தைத் திறப்பதில்லை. அந்த வாரம் அரசியல் சாசனம் பற்றி நீதிமன்றங்களில் என்ன நடந்தது என்று பேசுவோம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அறுபது பேர். இப்போதைக்கு எல்லோர் வாயிலும் ஒரே வழக்கு: பொது இடத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடினால் முன் அனுமதி வாங்க வேண்டும் என்கிற புதுச் சட்டம் செல்லுமா, செல்லாதா? ஐந்து நீதிபதிகள் விசாரித்து முடித்துவிட்டார்கள். தீர்ப்புதான் பாக்கி. கல்லூரி வாசல் டீக்கடையில் பிள்ளைகள் தலையை எண்ணித்தான் நிற்கிறார்கள். பதினொன்றாவது ஆள் டீயோடு சாலையின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே கத்திப் பேசுகிறான்.

'பொறுங்க' இன்றும் மூன்று தடவை கையைத் தூக்கினாள். இரண்டாவது வரிசைப் பெண். எதற்கெடுத்தாலும் "பொறுங்க மேடம், ஒரு சந்தேகம்" என்பாள். வகுப்பு அதையே பெயராக வைத்துவிட்டது. நல்ல பெண்தான். ஆனால் நான் வேகமெடுக்கிற நேரம் பார்த்துத்தான் அவளுக்குச் சந்தேகம் வரும்.

ஜூலை 5, வெள்ளி

துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். இதே கல்லூரியில் எனக்கு ஜூனியராகப் படித்தவர். நாலு பேர் முன்னால் 'மேடம்', தனியாக இருந்தால் 'அக்கா'. கால அட்டவணையைக் கட்டம் கட்டமாக நாலு வண்ணத்தில் போடுவார். அதனால் நான் வைத்த பெயர் அட்டவணை. அவருக்குத் தெரியாது என்று நம்புகிறேன்.

இன்று "அக்கா" என்று குழைந்தபோதே உஷாராகியிருக்க வேண்டும்.

"அக்கா, உங்க புதன்கிழமை பீரியட் சிலபஸ்லயே இல்ல. பசங்க சிவில் நடைமுறைச் சட்டத்துல ரொம்ப வீக். அந்த பீரியடை அதுக்குக் குடுத்துடலாம்னு பாக்கறேன்."

"செய்தி பாக்காம சாசனத்தை எப்படிப்பா நடத்தறது?"

"செய்தி பேப்பர்ல வரும்க்கா. பரீட்சையில வராது."

அரை மணி நேரம் மல்லுக்கு நின்றேன். கடைசியில் இறங்கி வந்தார். ஒரு புதன்கிழமை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாராம். நான் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டுமாம். மாதக் கடைசியில் முடிவு.

எட்டு வருடமாக நடத்துகிற வகுப்பு. மற்ற நாளெல்லாம் சம்பளத்துக்குப் போகிறேன், புதன்கிழமை மட்டும் ஆசையாகப் போகிறேன். அதைப் போய் ஒரு கட்டத்தை அழிக்கிற மாதிரி அழிப்பதா?

ஜூலை 8, திங்கள்

விசேஷம் ஒன்றுமில்லை. போர்வை துவைத்தேன். அட்டவணையை நினைத்துக்கொண்டு துவைத்ததில் நன்றாக வெளுத்தது.

ஜூலை 12, வெள்ளி

அதிர்ஷ்டம் என்றால் இதுதான்! பத்துப் பேர் வழக்கில் தீர்ப்பு வரும் பதினேழாம் தேதி, புதன்கிழமை, காலை பத்தரைக்கு. மூன்றாவது பீரியட் ஆரம்பிப்பது பத்தே முக்காலுக்கு. நேரலை உண்டு. ஓடிப் போய் அட்டவணையிடம், "அன்னிக்கே வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வரட்டும், பார்க்கட்டும்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். நில அளவையாளர். சோபா வாங்கும் முன் வாசல் கதவை மூன்று தரம் அளந்தவர்.

"முழுத் தீர்ப்பும் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதே" என்றார்.

எனக்கே பாடம்! அஞ்சு பேர் அமர்வில் மூன்று பேர் ஒரே பக்கம் சேர்ந்தால்தான் தீர்ப்பு என்று முதல் வாரமே பிள்ளைகளுக்கு நடத்துகிறவள் நான்.

ஜூலை 16, செவ்வாய்

புரொஜெக்டர் வேலை செய்கிறது. ஒலிபெருக்கி வேலை செய்கிறது. நீலப் புடவைக்கு இஸ்திரி போட்டாயிற்று.

ஜூலை 17, புதன்

ஐயோ. ஐயோ. எங்கேருந்து ஆரம்பிக்கறது?

அட்டவணை சரியான நேரத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கையில் நோட்டு. திரையில் ஐந்து நீதிபதிகள். நேரலை தாமதமாகத்தான் தொடங்கியது, எல்லாம் எனக்கென்றே அமைந்தது போல. மூத்த நீதிபதி வாசிக்க ஆரம்பித்தார். பொது அமைதி, நியாயமான கட்டுப்பாடு, ஆகவே சட்டம் செல்லும். பிள்ளைகளின் முகமெல்லாம் வாடிவிட்டது. எனக்கும்தான். அந்தச் சட்டம் எனக்கும் பிடிக்காது.

ஆனால் நான் ஆசிரியை இல்லையா, அதுவும் அட்டவணை பார்த்துக்கொண்டிருக்கும்போது! கரும்பலகையில் கொட்டை எழுத்தில் 'சட்டம் செல்லும்' என்று எழுதினேன். ஒலியைக் குறைத்தேன். குறைத்தேன் என்ன, சுத்தமாக நிறுத்தினேன். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இந்தத் தீர்ப்பு வேறு எப்படியும் வந்திருக்க முடியாது என்று விளக்க ஆரம்பித்தேன். முதல் காரணம், இரண்டாம் காரணம், மூன்றாம் காரணம். பழைய வழக்குகளை அடுக்கினேன். எனக்கே என் பேச்சு பிடித்துப்போயிற்று. அட்டவணை தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டிருந்தார்.

"பொறுங்க மேடம்..."

"அப்புறம்மா."

மறுபடியும் கை. "மேடம், ஒரு நிமிஷம்..."

"உன் சந்தேகத்துக்கு இன்னிக்கு ஒரு நாள் லீவு குடு தாயி!" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் கையை இறக்கிக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. அதையும் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளின் முகம் மலர ஆரம்பித்தது. பேச்சு எடுபடுகிறது என்று நினைத்தேன். இன்னும் குரலை உயர்த்தினேன். ஐந்தாவது காரணத்துக்கு வந்தபோது வகுப்பே எழுந்து கைதட்டியது. ஒருவன் பெஞ்ச் மேல் ஏறிவிட்டான். எட்டு வருடத்தில் எனக்கு யாரும் இப்படிக் கைதட்டியதில்லை. அசடு வழியச் சிரித்து, "போதும், போதும்" என்று வேறு சொன்னேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் என் தலைக்கு மேலே இருந்தது.

திரும்பினேன். திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது: மூன்றுக்கு இரண்டு. சட்டம் செல்லாது.

முதலில் வாசித்தவர் தோற்ற பக்கம்! மாறுபட்ட தீர்ப்பை முதலில் வாசித்துவிட்டார். நான் பாட்டுக்கு, வரவே முடியாது என்று சொன்ன தீர்ப்பு என் முதுகுக்குப் பின்னால் வந்து முடிந்திருந்தது. கரும்பலகையில் 'செல்லும்' என்பதை அழிக்கப் போனால் டஸ்டர் கிடைக்கவில்லை. புடவைத் தலைப்பால் அழித்தேன். நீலப் புடவை.

அட்டவணை நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். போச்சு. என் புதன்கிழமை போச்சு.

இவர் சாயங்காலம் வந்தார். என் முகத்தை ஒரு தரம் அளந்தார். டீ போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 18, வியாழன்

லீவு போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை. டீக்கடையைத் தாண்டித்தானே போக வேண்டும். முப்பது பேர் ஒரே கும்பலாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சாலையின் அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை. என்னைப் பார்த்ததும் ஒருவன், "மேடம், இது செல்லுமா?" என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வகுப்பில் முதல் வேலையாக 'பொறுங்க'வை எழுப்பினேன்.

"நேத்து என்னம்மா சொல்ல வந்தே?"

"ஒருத்தர்தான் வாசிச்சிருக்கார்னு சொல்ல வந்தேன் மேடம். மத்தவங்க முன்னாடியும் தனித்தனியா காகிதக் கட்டு இருந்துச்சு."

அவ்வளவுதான். கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். அறுபது பேர் முன்னால் சொன்னேன்: "நான் உன்னைப் பேச விடல, அது தப்பு. கிண்டல் பண்ணினது அதைவிடத் தப்பு. மன்னிச்சிடும்மா." அவள் பதறிப்போய், "ஐயோ, பொறுங்க மேடம்!" என்றாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சாக்பீஸ் எடுக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 19, வெள்ளி

அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். மழுப்பலாம் என்று ஒரு யோசனை ஓடியது. 'நேரலையில் ஏற்பட்ட தடங்கல்' என்று ஒரு வரி எழுதியும் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, கிழித்துப் போட்டேன். நடந்ததை நடந்தபடி ஒரு பக்கம். கடைசி வரி: 'மாணவி மூன்று முறை எச்சரித்தும் நான் கேட்கவில்லை.'

மூன்று முறையா, இரண்டு முறையா? அவளிடம் கேட்டுத் திருத்திக் கொடுத்தேன். இரண்டுதான். மூன்றாவது தடவை கையைத் தூக்கப் பயமாக இருந்ததாம்.

ஜூலை 23, செவ்வாய்

நேற்று உள்தேர்வு. கேள்வித்தாள் அட்டவணையே தயாரித்தது. திருத்துவதும் அவரே. பெரும்பான்மைத் தீர்ப்புக்கும் மாறுபட்ட தீர்ப்புக்கும் வேறுபாடு என்ன, உதாரணத்துடன் விளக்குக. மனுஷனுக்கு இவ்வளவு குசும்பு உண்டு என்று தெரியாது.

ஜூலை 30, செவ்வாய்

கூப்பிட்டார். மேசை மேல் விடைத்தாள் கட்டு.

"அக்கா, இந்த மாதிரி வேறுபாட்டுக் கேள்வியை ஆறு வருஷமா கேக்கறேன். பாதிப் பேர் தாண்டினதில்ல. இந்தத் தடவை அம்பத்தெட்டு பேர் சரியா எழுதியிருக்காங்க."

"நல்லதுதானேப்பா?"

"அம்பத்தெட்டு பேரும் உதாரணத்துக்கு உங்களைத்தான் எழுதியிருக்காங்க."

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஒருத்தன் உங்க புடவைத் தலைப்பைக்கூட விடல." அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்க சொன்ன அஞ்சு காரணமும் தோத்த பக்கத்தோட வாதம்னு பிரிச்சு எழுதியிருக்காங்கக்கா. இதை நான் நோட்டை வச்சு ஒரு வருஷம் நடத்தினாலும் வராது."

"மீதி ரெண்டு பேர்?"

"தீர்ப்பு வந்த அன்னிக்கு லீவு."

என் அறிக்கையை எடுத்தார். கடைசி வரியை இன்னொரு தரம் படித்தார். "சிவில் நடைமுறையை வெள்ளிக்கிழமைக்கு மாத்திட்டேன்" என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அப்புறம்க்கா, அட்டவணைன்னு ஒரு பேர் ஓடுதாமே, யார் வச்சாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார். எனக்கெப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

இன்று இன்னொரு பெரிய வழக்கு. ஏழு நீதிபதிகள். திரையின் ஒலியை நான் தொடவில்லை. கரும்பலகைப் பக்கம் 'பொறுங்க' நின்றாள், கையில் சாக்பீஸ். ஒருவர் வாசித்து முடித்தால் ஒரு கோடு போட வேண்டும், அதுதான் அவள் வேலை. கடைசி பெஞ்சில் துறைத் தலைவர். இப்போதெல்லாம் ஒரு புதன்கிழமைகூட விடுவதில்லை. கேட்டால் மேற்பார்வை என்கிறார்.

முதல் நீதிபதி வாசித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பின்னாலிருந்து ஒரு குரல்: "வந்தாச்சு மேடம்! மனு தள்ளுபடி!" கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி அட்டவணை பாதி எழுந்தே விட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டியிருக்கவில்லை. அறுபது பேரும் ஒன்றாகத் திரும்பி, "பொறுங்க சார்!" என்றார்கள்.

அவர் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கரும்பலகையில் ஒரு கோடுதான் விழுந்திருந்தது. நானும் முதல் பெஞ்சில் இடம் கேட்டு, பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டேன்.