என் பெயரில் ஒரு முட்டி

தம்மாம்,
14.11.1996

மாப்பிள்ளைக்கு,

முட்டி தேறி, அல் கோபார் கம்பெனி அணியில் சேர்ந்துவிட்டீர்களாம். வாலிபால் ஆடுவதற்கே சம்பளமாம். ஊரில் பேனர் கட்டியிருக்கிறார்களாம். கட்டட்டும்.

போன வருடம் நீங்கள் எங்கள் கம்பெனிக்கு ஆடியது என் இக்காமா அட்டையை, இங்கே வேலை பார்க்கும் அனுமதிச் சீட்டை, உங்களுடையதாகக் காட்டித்தான். வெளியாள் ஆடக்கூடாது என்பது சட்டம். கேம்ப் முழுக்க என் பெயரைச் சொல்லி "சிங்காரம்! சிங்காரம்!" என்று உங்களைப் பார்த்துக் கத்தியபோது, ஓரத்தில் நின்ற எனக்கும் மனம் குளிர்ந்துதான் போனது. நீங்கள் விழுந்து முட்டி பிசகியபோதும் ஆஸ்பத்திரியில் என் பெயரைத்தான் எழுதினார்கள்.

அந்தச் சீட்டு இப்போதுதான் ஆபீஸுக்கு வந்தது. கம்பெனி டாக்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முட்டி போன ஆள், சைட் வேலைக்கு ஆகமாட்டான் என்று எழுதிவிட்டார். வேலையை முடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள், வெள்ளிக்கிழமை ஃபிளைட்.

உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் உள்ளே போவோம். தங்கச்சி கைக்குழந்தையோடு இருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"ஏறுற வரைக்கும் நொண்டிக்கிட்டே போப்பா, இல்லன்னா சந்தேகம் வரும்" என்கிறார் ஃபோர்மேன். உங்களுக்கு அடிபட்டது எந்தக் கால் என்பது எனக்கும் ஞாபகமில்லை, அவருக்கும் ஞாபகமில்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் டிரைவரிடம் அதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அண்ணன்